காரை எடுக்கப் போகிற பஸ்

சொந்தக் கார் வைத்திருக்கிறவன் அந்தக் காரை எடுக்க டவுன் பஸ்ஸில் போவதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால் ஒருநாள் காலையில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் கார் சாவியைச் சுழற்றியபடி ஒருவன் நிற்பான். பெயர் அர்ஹம். பொறியியல் முதலாம் ஆண்டு.

இன்று அவன் பக்கத்தில் அக்கா ரிஃபானாவும் நின்றாள். தோளில் பை, பைக்குள் சர்டிபிகேட், வயிற்றுக்குள் பயம்.

போன வாரம் முசிறியிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கே ஒரு மெட்ரிக் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேண்டும். நேரில் போய் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். சவூதியில், டம்மாமில் இருக்கும் அத்தா நஸ்ருல்லா யோசித்து யோசித்துக் கடைசியில் சம்மதித்தார். தம்பியோடு காரில்தான் போக வேண்டும் என்றார். இதுதான் கடைசி என்றும் சொன்னார். இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அவர் லீவில் வந்து மாப்பிள்ளை பார்ப்பார். வேலை என்ற பேச்சையே அதோடு மூட்டை கட்டிவிட வேண்டும்.

“கார் நிக்கும்போது பொம்பளப் புள்ள அவ்வளவு தூரம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதா? பஸ்ல போனேன்னு தெரிஞ்சா அன்னிக்கோட வேலையும் கெடையாது ஒண்ணும் கெடையாது” என்று அவர் போனில் சொன்னதை அம்மா கமருன்னிசா இன்று காலையும் ஒருமுறை ஞாபகப்படுத்தித்தான் அனுப்பினாள்.

காரை எடுக்கப் போகிற பஸ் மட்டும் அத்தாவின் கணக்கில் பஸ் இல்லை.

கண்டக்டர் ரிஃபானாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கார் முதலாளியிடம் கையை நீட்டினார். கார் முதலாளி அக்காவைப் பார்த்தான்.

“சில்லறை இருக்காக்கா?”

ரிஃபானா எடுத்துக் கொடுத்தாள். தம்பியின் மேல் அவளுக்கிருந்த கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இப்போது மிச்சமிருப்பது இளக்காரம்தான். அது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

கார் வந்த கதையே அப்படித்தான். பிளஸ் டூ முடித்து அர்ஹமுக்குத் துவாக்குடியில் சீட்டுக் கிடைத்தது. துவாக்குடி என்றதும் சொந்தக்காரர்கள் மத்திய அரசின் பெரிய கல்லூரி என்று நினைத்து மாஷா அல்லா சொன்னார்கள். அத்தா திருத்தவில்லை. அது இல்லை, அதையும் தாண்டி, பட்டறைகளுக்குப் பின்னால் இன்னொரு கல்லூரி. அங்கே சீட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் சீட்டுக் கிடைத்தது. அந்த மகா சாதனைக்குப் பரிசாக ஒரு வெள்ளைக் கார் வந்தது. அப்போது அர்ஹமுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்பதால் ரிஃபானாவின் பெயரில் பதிவு செய்தார்கள். ரிஃபானா பல்கலைக்கழகத்திலேயே முதல் வரிசையில் தேறிக் கணக்கில் பட்டம் வாங்கியபோது டம்மாமிலிருந்து வந்தது ஒரு டப்பா பேரீச்சம்பழம்.

வந்த காரை நிறுத்த இடம் இல்லை. பெரிய கடைவீதிக்குப் பின்னால் அவர்கள் சந்தில், எதிரெதிரே இரண்டு பேர் குடையோடு வந்தால் ஒருவர் மடக்கிக்கொள்ள வேண்டும். அத்தாவோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஜனார்தன், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுப் போர்டிகோ காலியாகத்தான் கிடக்கிறது, வாடகையெல்லாம் வேண்டாம் என்றார். அத்தாவுக்கு வாடகை மிச்சம். அர்ஹமுக்குக் காவிரியைத் தாண்டி வந்து காரை எடுத்து, மறுபடி காவிரியைத் தாண்டித் துவாக்குடிக்குப் போகிற பாக்கியம்.

அங்கே போனால், முதலாம் ஆண்டு மாணவர்களின் வண்டிக்குக் கல்லூரிக் கேட்டுக்குள் அனுமதி இல்லை. வீட்டிலும் இடமில்லை, கல்லூரியிலும் இடமில்லை. நடுவில் இருக்கிற ரோட்டில் மட்டும்தான் அது கார்.

இதில் எதுவும் அத்தாவை வருத்தவில்லை. அவர் காரில் ஜி.பி.எஸ். வைத்திருந்தார். டம்மாமில் உட்கார்ந்து போனைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி துவாக்குடியில் நின்றால் மகன் படிக்கிறான். புள்ளி ஸ்ரீரங்கம் திரும்பிவிட்டால் மகன் பத்திரமாக இருக்கிறான். அதற்கு மேல் அவர் மகனைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. “பாத்தியா, இன்னைக்கும் கரெக்டாக் காலேஜ் போயிட்டான்” என்று அம்மாவிடம் பெருமைப்படுவார்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி வடக்கு உத்திரை வீதிக்கு நடந்தார்கள். ஜனார்தனின் மனைவி கமலவல்லி போர்டிகோவில் குந்தி உட்கார்ந்து, தரையில் இருந்த ஆயில் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை இருந்தது. கார் இல்லை.

“வாடீம்மா ரிஃபானா, ஆத்துல எல்லாரும் சௌக்யமா? என்ன விடிஞ்சும் விடியாம ரெண்டு பேரும்?”

“வண்டி எடுக்க வந்தோம் மாமி.”

“வண்டியா? நேத்து சாயங்காலமே அந்தப் பசங்க வந்து எடுத்துண்டு போயிட்டாளே!”

“எந்தப் பசங்க?”

கமலவல்லி நாரைக் கீழே வைத்துவிட்டு அர்ஹமைப் பார்த்தாள். அர்ஹம் கறையைப் பார்த்தான்.

“இவனோட சிநேகிதாதான். தினமும் அவாதானே ஓட்டிண்டு போறா? இவன் கார்க்கதவைத் திறந்து விட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவான். நான்கூட உங்காத்துல டிரைவர் வெச்சிருக்கேளாக்கும்னு நினைச்சுண்டேன். டிரைவர் அஞ்சு பேர் எதுக்குன்னுதான் புரியலை.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். அதுதான் ரிஃபானாவுக்கு அவமானமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றதற்கு, இன்னொரு நாள் வருகிறோம் மாமி என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

“சாவி கையில வச்சிருக்கியேடா?”

“இது ஸ்பேர்க்கா.”

“ஒரிஜினல்?”

“அப்ரார் அண்ணன்கிட்ட. தேர்ட் இயர். திருவானைக்காவல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. தேர்ட் இயர் வண்டின்னா கேட்ல விடுவாங்கக்கா. அதான், நான் உள்ள கொண்டு போறேன் ஜூனியர்னு அவரே சொன்னாரு.”

“சரி. அவன் வண்டிய உள்ள கொண்டு போறான். நீ ஏன் பஸ்ல போற?”

“அவங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு. எடம் பத்தல.”

“அவங்க ஏறிக்கிட்டு, கார்க்காரனுக்கு எடம் பத்தலையா?”

“முதல்ல என்னையும் ஏத்திக்கிட்டுத்தான் போனாங்க. இப்பவும் எப்பவாச்சும் கூப்புடுவாங்க. நீங்க நெனக்கிற மாதிரி இல்லக்கா. காலேஜ்ல ஒருத்தன் என்னை ராகிங் பண்றதில்ல, தெரியுமா? அப்ரார் ஆளுன்னு சொன்னா வழி விடுறானுங்க.”

கடைசி வாக்கியத்தை அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். ரிஃபானாவுக்கு அவனை ஓங்கி அறையலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அறைந்தால் அதையும் ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டுவிடுவான் போலிருந்தது.

“பெட்ரோல் யாரு போடுறது?”

அவன் சுழற்றிக்கொண்டிருந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னைக்கு வேணும்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்க்கா. காலையில கண்டிப்பா நிறுத்திடுறேன்னாரு. போன் பண்ணிப் பாக்குறேன்.”

பண்ணினான். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினான். “ப்ரோ, கொஞ்சம் அர்ஜென்ட் ப்ரோ” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அந்தக் குரலில் இருந்த குழைவைக் கேட்டு ரிஃபானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் சொந்தக் காரை ஒரு மணி நேரம் இரவல் கேட்கிறவன் குரல் அது.

வீட்டுக்குத் திரும்பலாம். திரும்பினால் எல்லாம் முடிந்தது. அவள் ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

“டோல்கேட் போங்கண்ணே. முசிறி பஸ் பிடிக்கணும்.”

“அக்கா, அத்தா பஸ் கூடாதுன்னாருல்ல?” என்றான் அர்ஹம் பதறிப்போய்.

“ஏறுடா. நீ தனியா நின்னு அத்தாவுக்கு என்னத்தச் சொல்லுவ?”

முசிறி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கொள்ளிடத்தை ஒட்டிய ரோடு, இரண்டு பக்கமும் வாழை, பஸ்ஸுக்குள் வாழை இலைக் கட்டு, மூக்கில் இடிக்கிற முழங்கைகள். பின்னங்கள் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று அவள் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பையில் போன் அதிர்ந்தது. அத்தா.

“அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா.”

“வஅலைக்குமுஸ்ஸலாம். என்னம்மா, முக்கொம்புல நிக்குது?”

ஒரு விநாடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்ராரும் கூட்டாளிகளும் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, அத்தாவின் காசில் வாங்கிய காரில் முக்கொம்பு அணைக்கட்டுக்கு உல்லாசப் பயணம் போயிருக்கிறார்கள். அத்தா அந்தப் புள்ளிக்குள் தன் மகளையும் மகனையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அது... தம்பி டீ குடிக்கணும்னான் அத்தா.”

“குடிக்கட்டும், குடிக்கட்டும். ஏன் தென்கரையில சுத்திப் போறீங்க? குணசீலம் வழியால்ல பக்கம்?”

“இந்தப் பக்கம் ரோடு நல்லாருக்குன்னான்.”

“பாத்தியா, கெட்டிக்காரன்! ஏசி போட்டிருக்கானா?”

ரிஃபானாவின் கழுத்தில் வேர்வை வழிந்து முதுகுக்குள் இறங்கியது. “போட்டிருக்கான்.”

“குணசீலம் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க!” என்று கண்டக்டர் அவள் காதருகே கத்திவிட்டு விசிலடித்தார்.

“என்னம்மா சத்தம்?”

“பக்கத்துல ஒரு பஸ்ஸு அத்தா.”

“ஆங். இதுக்குத்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்துல நீ இடிபட்டுக்கிட்டு நிக்க முடியுமா? இப்ப எவ்வளவு நிம்மதியா போறே பாரு. நல்லாப் பண்ணு. துஆ செய்றேன்.”

போனை வைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொய்யாகவே பதில் சொல்லியிருக்கிறாள், அதுவும் இவனுக்காக. இல்லை, இவனுக்காக இல்லை, தனக்காகத்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பு என்பார். அவளும் புள்ளியைக் காட்டித்தான் பிழைக்கப் பார்க்கிறாள்.

“தேங்ஸ்க்கா” என்றான் அர்ஹம்.

“வாயை மூடிக்கிட்டு நில்லு.”

முசிறிப் பள்ளிக்கூடம் சுத்தமாக இருந்தது. தலைமையாசிரியை மைத்ரேயி சிரிக்காமல் வரவேற்று, சர்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்த்து, மதிப்பெண்ணைப் பார்த்த இடத்தில் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எட்டாம் வகுப்புக்குப் பின்னங்கள் எடுக்க வேண்டும், பெல் அடித்ததும் கூப்பிடுவோம் என்றார். ரிஃபானா வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். அர்ஹம் தூணில் சாய்ந்துகொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பெல் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“ரிஃபானாங்கிறது நீங்கதானா? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேன். முக்கொம்புல மீன் வறுவல் கடை ஒண்ணுக்குள்ள உங்க கார் பூந்து நிக்குது. ஓட்டிட்டு வந்தவனுங்க எறங்கி ஓடிட்டானுங்க. கடை போட்டிருந்த அம்மா, இருசம்மாள்னு பேரு, கால் முறிஞ்சு ஜி.எச்.ல கெடக்கு.”

“அந்தம்மாவுக்கு... உசுருக்கு ஒண்ணும் இல்லையே சார்?”

“உசுருக்கு ஒண்ணும் இல்ல. வண்டி உங்க பேர்ல இருக்கு. யார் கையில குடுத்தீங்க?”

பெல் அடித்தது. ஆயா வந்து, “மேடம் உள்ள கூப்புடுறாங்க மிஸ்” என்றாள். மிஸ் என்று முதல் முதலாக ஒருவர் அவளைக் கூப்பிட்டது அப்போதுதான்.

ரிஃபானா போனின் வாயை மூடிக்கொண்டு, நடந்ததைத் தம்பியிடம் நாலே வார்த்தையில் சொன்னாள்.

“சாவியக் குடுத்தது நீ. யாருகிட்ட குடுத்தேன்னு உன் வாயால சொல்லு. பேரையும் ரூம் இருக்கிற எடத்தையும் சொல்லு. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம். இத மட்டும் ஒழுங்காச் செய்.”

போனை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டுக் குட் மார்னிங் சொன்னார்கள். மைத்ரேயி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரிஃபானா போர்டில் ஒரு நீளமான செவ்வகத்தை வரைந்தாள்.

“இது ஒரு கடலை மிட்டாய். வீட்டுல மூணு பேரு. எப்படிப் பிரிக்கலாம்?”

பத்துக் கைகள் உயர்ந்தன. ஒரு பெண் எழுந்து, “எங்க வீட்டுல தம்பிக்குத்தான் மிஸ் பெரிய துண்டு” என்றாள். வகுப்பு சிரித்தது. ரிஃபானாவும் சிரித்துவிட்டாள். பயம் போய்விட்டது. இது தனக்கு வரும் என்று தெரிந்துவிட்டது.

அப்போது ஜன்னல் வழியாகத் தம்பியின் குரல் கேட்டது.

“வண்டி அக்கா பேர்லதான் சார்... இல்ல சார், எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறேன்... அக்காதான் சார் தெரிஞ்சவங்க யாருக்கோ குடுத்திருந்தாங்க... ஆமா சார், அவங்களேதான் குடுத்தாங்க.”

முன் வரிசைப் பிள்ளைகள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் மைத்ரேயியும் பார்த்தார்.

ரிஃபானா சாக்பீஸை மேஜையில் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே போய், அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“சார், நான்தான் ரிஃபானா. இப்ப உங்ககிட்ட பேசுனது என் தம்பி, அர்ஹம். பொய் சொல்றான். வண்டியக் குடுத்தது அவன். வாங்குனது அப்ரார்னு ஒருத்தன், துவாக்குடியில தேர்ட் இயர், திருவானைக்காவல்ல ரூம். எழுதிக்கிங்க. மதியம் நான் நேர்ல வரேன். முதல்ல ஜி.எச்.க்குப் போய் அந்த அம்மாவைப் பாத்துட்டு வரேன். இவனையும் கூட்டிட்டு வரேன்.”

“அக்கா!” என்று அர்ஹம் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை. பிடித்த கையைப் பார்த்தாள். அவன் தானாகவே விட்டுவிட்டான்.

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. டம்மாம். புள்ளி இன்னும் முக்கொம்பை விட்டு நகராமல் இருப்பதைப் பார்த்துவிட்டார். இதை எடுக்காமல் விடலாம். வகுப்பை முடித்து, வேலையை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வேறொரு கதை சொல்லலாம். அவளுக்குக் கதை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

“அத்தா, நான் முசிறியில பள்ளிக்கூடத்துல நிக்கிறேன். பஸ்ல வந்தேன். கார் என்னை ஏத்தவே இல்ல. உங்க மவன் இத்தனை மாசமா பஸ்லதான் காலேஜ் போறான். அந்தப் புள்ளிக்குள்ள உங்க வீட்டு ஆளுங்க யாரும் இல்ல. மிச்சத்த அவன் சொல்லுவான்.”

அவள் போனைத் தம்பியின் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

மைத்ரேயி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மூடிய பேனாவைப் பார்த்ததும் ரிஃபானாவுக்கு எல்லாம் போய்விட்டது என்றே தோன்றியது.

“ஒரு கேள்வி” என்றார் மைத்ரேயி. “திருச்சியிலேர்ந்து தினமும் வரணும். எப்படி வருவீங்க? வீட்டுல கார் இருக்குல்ல?”

“பஸ்ல வருவேன் மேடம்.”

மைத்ரேயி பேனாவை மறுபடி திறந்தார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. ரிஃபானா சாக்பீஸை எடுத்து, செவ்வகத்தின் நடுவே இரண்டு கோடு போட்டாள். மூன்றும் ஒரே அளவு.

வராந்தாவில், தூணடியில் வைத்துவிட்டுப் போயிருந்த போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுப்பதற்கு அங்கே அர்ஹம் இல்லை.